"கைக்கொள்ளுங்கள்" என்பதா, "கடைப்பிடிப்பீர்கள்" என்பதா?

ஞாயிறு வகுப்பு அக்கா — ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் நம் ஊரில், ஞாயிறு பிற்பகலில் நான் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு எடுப்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். இன்றைய மனப்பாட வசனம் யோவான் 14:15. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "கற்பனை என்றால் இல்லாததை நினைத்துக்கொள்வது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே, அதை எப்படி டீச்சர் கைக்கொள்வது?" என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஒருவர் கற்பித்தது, அதாவது பணித்தது, என்ற பொருளில் அச்சொல் அக்காலத்தில் வழங்கியது என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அதோடு முடிந்திருந்தால் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன். அவளுடைய தோழி கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. சும்மா துணைக்கு வந்தவள், வீட்டிலிருந்து திருவிவிலியத்தையும் கொண்டு வந்திருந்தாள். "எங்கள் புத்தகத்தில் கட்டளை என்றே தெளிவாக இருக்கிறது டீச்சர்" என்று பெருமையோடு வாசித்தாள்: "நீங்கள் என்மீது அன்பு கொண்டிருந்தால் என் கட்டளைகளைக் கடைப்பிடிப்பீர்கள்."

அப்போதுதான் கவனித்தேன். மாறியிருப்பது கற்பனை, கட்டளை என்ற சொல் மட்டும் அன்று, வினையும் மாறியிருக்கிறது. ஒன்று ஏவுகிறது, மற்றொன்று நடக்கப்போவதைச் சொல்கிறது. அன்பிருந்தால் அதை நடந்து காட்டு என்று இயேசு கேட்கிறாரா, அல்லது அன்பிருந்தால் நடத்தை தானாகவே பின்னால் வரும் என்கிறாரா? முப்பது ஆண்டுகளாக இந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிற எனக்கு இன்று மறுமொழி சொல்ல வாயெழவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று பிள்ளைகளிடம் தவணை வாங்கியிருக்கிறேன். தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் — ஞாயிறு, இரவு 10.55

அக்கா கேட்டது பழைய கேள்வி. மூலத்தின் கிரேக்கச் சுவடிகளிலேயே அந்த இடத்தில் முக்கியமாக இரண்டு வகையான பாடம், அதாவது வாசகம், இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் உயிரெழுத்து மட்டுமே வேறுபடுகிறது. ஒரு பாடம் ஏவல் வினை, மற்றது எதிர்கால வினை. அக்கா எழுதிப்போட்ட பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) முதல் பாடத்தைப் பின்பற்றுகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இரண்டாவதைப் பின்பற்றுகிறது. இன்றைய ஆய்வுப் பதிப்புகளும் அதையே மேலே வைக்கின்றன. ஆகவே இரு சிறுமிகளில் எவரும் தவறாக வாசிக்கவில்லை.

ஆனால் சுவடியை வைத்து அக்காவின் கேள்வியை முடித்துவிட முடியாது; ஏனெனில் அதற்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. அன்பு என்பதைக் கட்டளையிட முடியுமா? உபாகமம் 6:5 "உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக" என்று கட்டளையாகவே சொல்கிறது. பெண் பார்த்துவிட்டு வந்த மகனிடம், "இவளை நேசி" என்று தகப்பன் ஆணையிட்டால் நாம் சிரிப்போம். வேதம் அதைச் செய்கிறது. நாம் சிரிக்காமல் மனப்பாடம் செய்கிறோம்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. பழைய கிழக்கத்திய அரசர்கள் தங்களுக்கு அடங்கிய சிற்றரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளில் "அன்பு" என்ற சொல் வருகிறது. வேதத்திலும் பெயர் வருகிற அசீரிய மன்னன் எசரத்தோன், கி.மு. 672-இல் தனக்குப் பின் ஆளப்போகும் மகன் அசூர்பானிபாலைத் தங்களைப் போலவே நேசிக்க வேண்டும் என்று சிற்றரசர்களிடம் ஆணை வாங்கினான். அங்கே அன்பு என்பது உள்ளத்தின் குழைவைக் குறிக்கவில்லை. வேறொருவன் பக்கம் சாயாத விசுவாசத்தைக் குறித்தது. உபாகமத்தின் அன்பும் இந்த மொழியில் பேசுகிறது என்பதை 1963-இல் வில்லியம் மோரன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அப்படிப் பார்த்தால் அன்பைக் கட்டளையிடுவதில் முரண் எதுவும் இல்லை.

எனினும் என் மனம் அதோடு அமைதி அடைவதில்லை. எசரத்தோனுக்குச் சிற்றரசனின் உள்ளம் தேவைப்படவில்லை, வரியும் படையும் போதும். உபாகமமோ அடுத்த வசனத்திலேயே "இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்று போய்விடுகிறது. உடன்படிக்கையின் சொல்லை எடுத்துக்கொண்டு, எந்த அரசனும் கேட்கத் துணியாத இடத்தைக் கேட்கிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்: எபிரேயர்கள் இருதயம் என்றபோது உணர்ச்சியை மட்டும் கருதவில்லை, யோசிப்பதும் தீர்மானிப்பதும் அங்கேதான் என்று கருதினார்கள். மாற்கு 12:30-இல் இயேசு இதே வசனத்தைச் சொல்லும்போது "முழு மனதோடும்" என்ற சொல் கூடுதலாக வருவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கிருபையின் பிள்ளை — திங்கள், காலை 7.05

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வயதில் சிறியவன் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நாம் நியாயப்பிரமாணத்திற்கு, அதாவது மோசேயின் சட்டத்திற்கு, கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறோம் என்று ரோமர் 6:14 சொல்கிறது. அப்படியிருக்க, கட்டளை, கைக்கொள்ளுதல் என்று பிள்ளைகளை மறுபடியும் பழைய நுகத்தடியில் பூட்டுவது எதற்கு? திருவிவிலியம் சொல்வதே சரி. அன்பு இருந்தால் கீழ்ப்படிதல் தானாக வரும். வரவில்லை என்றால் அன்பு இல்லை, அவ்வளவுதான்.

பழைய பால்காட்டுக்காரன் — திங்கள், இரவு 8.20

தம்பி "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். எனக்கு அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. வேத நூல் படித்தவன் இல்லை நான். பதினாறு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவன். என் கதையை எழுதுகிறேன், பொருத்தமில்லை என்றால் நிர்வாகி எடுத்துவிடலாம்.

அப்போது எங்களுக்குக் காய்ந்த ரப்பரின் எடையைக் கணக்கிட்டுத்தான் கூலி. பாலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று மேலே ரப்பர் இருக்கும், மற்றது பெரும்பாலும் நீர். மழை விட்ட ஒரு காலையில் பால் வடியும் மங்குகளில் (கிண்ணங்களில்) கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தது. அதை ஊற்றிவிடாமல் பாலோடு சேர்த்து வாளியில் விட்டேன். மறுநாள் மழை இல்லை, நானே வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தேன். ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையை அதில் விடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதிலிருந்து ரப்பரின் அளவு தெரிந்துவிடும். என் பாலில் அது நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. மிதவையைக் கழுவித் துணியில் துடைத்துக்கொண்டே, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த என் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் தண்ணீர் கலக்கவில்லை. உபாகமம் 25-இல் பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம் என்று இருக்கிறதே, அந்தக் கட்டளையை நான் பல ஆண்டுகள் துல்லியமாகக் கைக்கொண்டேன். யாருக்குப் பயந்து? கடவுளுக்கு இல்லை, அந்தக் கண்ணாடி மிதவைக்கு. எபேசியர் 6-இல் "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று பவுல் எழுதியிருப்பதைப் பிற்காலத்தில் சபையில் வாசித்தபோது, இவர் எங்கள் தோட்டத்துக்கு எப்போது வந்து போனார் என்று நினைத்தேன். மண்டோர் (மேற்பார்வையாளர்) மர நிரைக்குள் வரும்போது வேகமாக வேலை செய்வதும், அவர் சைக்கிள் திரும்பியதும் உட்கார்ந்துகொள்வதும் எங்களுக்குத் தெரியாததா?

என் அப்பா வேறு மாதிரி. மரப்பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. உள்ளே இருக்கும் உயிர்ப் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னதாகக் கத்தி நிற்க வேண்டும். தாண்டினால் அன்றைக்குப் பால் கூடும், மரத்துக்குக் காயமாகிவிடும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். ஆனால் அந்தப் புதுப்பட்டையில் மறுபடியும் வெட்ட வருவதற்குள் பல ஆண்டுகள் போய்விடும், எவன் செய்த காயம் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் துண்டு செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறப்போகிறது என்று தெரிந்த கடைசி ஆண்டில், மரங்கள் எப்படியும் விழப்போகின்றன என்று எல்லாரும் விருப்பம்போல் ஆழமாக வெட்டினார்கள். நிர்வாகமும் வெட்டச் சொன்னது. அப்பா மட்டும் கடைசி நாள் வரைக்கும் அதே ஒரு மில்லிமீட்டரை விட்டுத்தான் வெட்டினார். ஏன்பா என்று கேட்டதற்கு, "கை அப்படித்தான் போகுது" என்றார். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் முன் அவர் இருட்டில் முழங்காலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வசனம் சொல்லச் சொன்னால் பாதியில் மறந்துவிடுவார்.

தம்பி, அப்பாவுக்கு அது தானாக வந்தது. எனக்கு வரவில்லை. எனக்கு முதலில் வந்தது மிதவையின் பயம். அதனால் எனக்கு அன்பே இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்த வயதில் நான் சபையை விட்டே போயிருப்பேன்.

செம்பனைக்காரன் — திங்கள், இரவு 9.02

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சிறு குறிப்பு மட்டும். நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! "தங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாய் விலகியிருக்கிறது" என்ற ஏசாயா 29:13-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்ப்பலகை நினைவுக்கு வருகிறது. தோட்டத்தின் மேல் குற்றமில்லை, பெயர் மட்டும் என்னைக் குத்துகிறது.

இன்னொன்று: அண்ணனின் அப்பா செய்தது அன்பா, பழக்கமா? "கை அப்படித்தான் போகுது" என்பது பழக்கத்தின் பேச்சு இல்லையா?

லயத்து மருமகள் — செவ்வாய், மதியம் 2.30

இந்த இழையில் ஆண்கள் மரத்தைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் வீட்டுக்குள் இருந்து எழுதுகிறேன்.

என் மாமியார் படுக்கையில் விழுந்து நான்காண்டுகள் ஆகின்றன. அவர் நல்லபடியாக இருந்த காலத்தில் என்னை ஒருநாளும் நன்றாக நடத்தியதில்லை; அதை இங்கே விரித்து எழுத விரும்பவில்லை. காலையில் அவருக்குத் துடைத்துவிட்டு, உடை மாற்றி, பசியாற வைத்துவிட்டுத்தான் நான் வாயில் தண்ணீர் ஊற்றுவேன். சபையில் என்னைப் பார்த்து "என்ன அன்பு!" என்று சொல்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நாட்களில் எனக்கு அவர்மேல் அன்பு என்று எதுவும் தோன்றுவதில்லை. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பது கட்டளை, கணவரின் தாய் எனக்கும் தாய், ஆகவே செய்கிறேன். அப்படியானால் நான் ஏசாயா சொன்ன உதட்டுக்காரியா? தம்பி சொல்வதுபோல், அன்பில்லை, "அவ்வளவுதான்" என்று என்னை முடித்துவிடலாமா?

கேட்கவே பயமாக இருந்த கேள்வி. எழுதிவிட்டேன்.

கிருபையின் பிள்ளை — செவ்வாய், மாலை 5.48

அக்கா, மன்னியுங்கள். நான் அப்படி நினைத்து எழுதவில்லை. "அவ்வளவுதான்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் — செவ்வாய், இரவு 10.15

மருமகளின் கேள்விக்கு உடனே ஆறுதல் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அது அவருடைய நேர்மைக்கு அவமரியாதையாகும். வேதத்தில் இரண்டு பக்கமும் உண்டு, இரண்டையும் வைக்கிறேன்.

ஒரு பக்கம் யூதாவின் ராஜாவாகிய அமத்சியா. 2 நாளாகமம் 25:2 அவனைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறது: கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழு மனதோடே செய்யவில்லை. லூக்கா 15-இல் வரும் மூத்த மகனையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" என்று தகப்பனிடம் அவன் சொல்வது பொய்யில்லை. கற்பனை முழுவதும் அவன் கையில் இருந்தது. ஆனால் ஊதாரியாய்ப் போயிருந்த அவன் தம்பி வீடு திரும்பிய நாளில் அவனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. செயல் சரியாக இருந்தும் உள்ளம் இல்லாமல் போகலாம் என்பதை வேதம் மறைக்கவில்லை.

மறுபக்கத்தில் மத்தேயு 21-இன் இரண்டு குமாரர்கள். தோட்டத்தில் போய் வேலை செய் என்று தகப்பன் சொன்னதும் மூத்தவன் மாட்டேன் என்றான், பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான். இளையவன் போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் எவன் என்று இயேசு கேட்டபோது, முகமலர்ச்சியோடு போனவன் எவன் என்று கேட்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தவனை அவர் கீழ்ப்படிந்தவன் கணக்கில் வைத்தார்.

அம்மா, அமத்சியாவுக்கும் உங்களுக்கும் ஒரு வேறுபாடு எனக்குத் தெரிகிறது. அவனுக்குத் தன் அரை மனதைப் பற்றிக் கவலை இருந்ததாக அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் நான்காண்டுகளாக அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள். உதட்டில் மட்டும் கனம்பண்ணுகிறவனுக்கு இருதயம் தூரமாக இருப்பது வலிப்பதில்லை.

லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞானோபதேசம் என்ற சிறு போதனை நூல் நினைவிருக்கும். 1529-இல் மார்ட்டின் லுத்தர் எழுதியது. பத்துக் கட்டளைகளின் விளக்கத்திலும் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும் என்பது திரும்பத் திரும்ப வரும். பிள்ளையாக இருந்தபோது அது எனக்குச் சலிப்பாக இருந்தது. பயமும் நேசமும் ஒரே மூச்சில் எப்படி என்று புரியாமலும் இருந்தது. பால்காட்டு அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, மிதவையின் முன்னால் நின்ற பையனும் இருட்டில் முழங்காலில் நின்ற தகப்பனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள் என்று தோன்றுகிறது. பையன் கொஞ்சம் பின்னால் நிற்கிறான்.

பழைய பால்காட்டுக்காரன் — புதன், காலை 6.10

செம்பனைக்காரர் கேட்டதற்கு: பழக்கம்தான். ஆனால் பழக்கம் எங்கிருந்து வந்தது? பால்வெட்டுப் பழகுகிறவனை முதலில் நல்ல மரத்தில் விடமாட்டார்கள், வெட்டி முடிந்த கிழட்டு மரத்தில் விடுவார்கள். அவன் கை நடுங்கும், அளவு தவறும், காயம் போடுவான். ஒவ்வொரு வெட்டையும் யோசித்து யோசித்து வெட்டுவான். பிறகு ஒருநாள் கை தானாகப் போகும். அப்பாவின் கை பிறக்கும்போதே அப்படிப் போகவில்லை. மருமகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: நீங்கள் இப்போது யோசித்து யோசித்து வெட்டுகிறீர்கள். காயம் எதுவும் போடவில்லை.

லயத்து மருமகள் — புதன், இரவு 11.20

அண்ணன் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். கை தானாகப் போகும் நாள் எனக்கு வருமா என்பது தெரியவில்லை. இன்று காலை ஒன்று நடந்தது, பெரிதாக எதுவும் இல்லை. தலை வாரிவிடும்போது சிக்கு எடுத்ததில் அவருக்கு வலித்தது, "மெதுவா" என்றார். வழக்கமாக எரிச்சல் வரும். இன்று வரவில்லை. தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துத் தடவி, நுனியிலிருந்து மெதுவாக எடுத்தேன். அது அன்பா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எசேக்கியேல் 36:26-இல் கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். "எடுத்துப்போடு" என்று என்னிடம் சொல்லவில்லை. இது மட்டும் இப்போது எனக்குப் போதும்.

ஞாயிறு வகுப்பு அக்கா — வியாழன், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதைத் தீர்மானித்துவிட்டேன். இரண்டு வசனங்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போடப் போகிறேன். "கைக்கொள்ளுங்கள்" என்பதை இன்றைக்கு அவர் நம்மிடம் கேட்பதாகவும், "கடைப்பிடிப்பீர்கள்" என்பதை நம்மைப் பற்றி அவர் நம்புவதாகவும் வாசித்துக் காட்டுவேன். இது இலக்கணப்படி சரியா என்று ஆசிரியர் ஐயா சொல்லட்டும். சரியில்லை என்றாலும் நான் அப்படித்தான் வாசிக்கப் போகிறேன்.

பால்காட்டு அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளில் பலர் ரப்பர் மரத்தில் பால் வெட்டியதைப் பார்த்ததே இல்லை, அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செம்பனைதான். உங்கள் அப்பாவின் கத்தி வீட்டில் இருந்தால் ஞாயிறு வகுப்புக்குக் கொண்டு வர முடியுமா?

பழைய பால்காட்டுக்காரன் — வியாழன், இரவு 9.50

கத்தி இருக்கிறது, பிடி தேய்ந்துபோய் அப்பாவின் விரல் தடம் தெரியும். கொண்டு வருகிறேன். மிதவை கிடைக்காது. நான்கு மணிதானே வகுப்பு? மழை பெய்தால் என் மோட்டார் சைக்கிளில் வர முடியாது, யாராவது வண்டி வைத்திருப்பவர் வந்து ஏற்றிக்கொள்ளவும்.

கிருபையின் பிள்ளை — வியாழன், இரவு 9.58

நான் வருகிறேன் ஐயா. மூன்றரைக்குத் தயாராக இருங்கள்.